காந்திமதிக்கு வரவேண்டிய காய்ச்சல்

காந்திமதி விரலில் ஊசி குத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு. வீங்கினது அவள் விரல் இல்லை, நாலு வீடு தள்ளி மாவு மில்லில் பச்சரிசி கொட்டிக்கொண்டிருந்த என் விரல். சும்மா இருந்த ஆள்காட்டி விரல் சிவந்து, விண்ணென்று தெறித்து, சாயங்காலத்துக்குள் சீழ் கோத்து, மறுநாள் தானாக உடைந்து ஆறிப்போனது. அவள் விரலிலோ கடுகளவு தடம்கூட இல்லை. இதைக் கேட்டுத் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பனையடித் தெருவில் எங்களுக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது, குழாயில் தண்ணீர் வருவதற்கும் கரண்ட் போவதற்கும் நடுவில் எல்லா வேலையையும் முடித்தாக வேண்டும்.

காந்திமதி எங்கள் தெரு டெய்லர். புருஷன் மஸ்கட்டில் இருக்கிறார், பிள்ளை குட்டி இல்லை, வாசல் அறையில் மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். முப்பத்திநாலு வயதில் இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று நாள் பாளையங்கோட்டைக்கு டயாலிசிஸுக்கு அலைந்து அலைந்து கருவாடாகக் காய்ந்துபோனவளுக்கு, அவள் அண்ணன் தளவாய், தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டுகிறவன், "எங்கிட்ட ரெண்டு இருக்குல்லா, ஒண்ண எடுத்துக்கிடுங்க" என்று சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தான். மதுரையில் ஆபரேஷன் நடந்தது. கிட்னி பிடித்துக்கொண்டது.

அனுப்பும்போது டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னாராம், எல்லா உடம்புக்குள்ளும் ஒரு காவல் இருக்கிறது, தன் ஆள் யார் வெளியாள் யார் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை, கிருமி வந்தால் அடிக்கும், அந்த அடிதடியைத்தான் நாம் காய்ச்சல் என்றும் வீக்கம் என்றும் சொல்கிறோம், ஆனால் அதற்கு அண்ணன் தங்கச்சி என்றெல்லாம் தெரியாது, கிட்னியையும் வெளியாள் என்றுதான் அடிக்கப் போகும், அதனால் காவலை அடக்கிவைக்க மாத்திரை, காலை எட்டு சாயங்காலம் எட்டு, ஒருநாள் தவறாமல், உயிர் உள்ளவரைக்கும் என்று. மாத்திரை அடக்கியதோ விரட்டியதோ எனக்குத் தெரியாது, நான் எட்டாம் கிளாஸோடு நின்றவள். அவள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அந்தக் காவல் அவளை விட்டுக் கிளம்பி, போக்கிடம் தெரியாமல், எங்கள் தெருவிலேயே ஆளுக்குக் கொஞ்சமாகக் குடியேறிவிட்டது. நடந்தது இவ்வளவுதான்.

அதற்கப்புறம் காந்திமதிக்கு வரவேண்டிய காய்ச்சலெல்லாம் எங்களுக்கு வந்தது. யாருக்கு எந்த வேலை என்று நாங்கள் கூடிப் பேசி முடிவு பண்ணவில்லை, அதுவாகப் பிரிந்துகொண்டது. தெருமுக்கில் டீக்கடை போட்டிருக்கிற கோயில்பிள்ளைக்கு மூக்கு. அவளுக்கு ஆகாத எது தெருவுக்குள் நுழைந்தாலும், சளிபிடித்த ஒரு விருந்தாளியாக இருக்கட்டும், கெட்டுப்போன தண்ணீராக இருக்கட்டும், முதலில் கோயில்பிள்ளையின் மூக்கு அரிக்கும். மூக்கு அரித்த கால் மணி நேரத்தில் அரிசிக் குடோன் லோடுமேன்கள் பதினாறு பேருக்கும் உடம்பு கொதிக்கும். அதற்குப் பிறகு நான். எனக்கு வீக்கம். கழுத்தோ, அக்குளோ, விரலோ, எங்கேயாவது நெறி கட்டி, தொட்டால் உயிர் போகும். தெருவே படுத்து, முனகி, வியர்த்து, கஞ்சி குடித்து எழுந்திருக்கும். அத்தனை நாளும் காந்திமதி மூக்கில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, தும்மல்கூட இல்லாமல், டர்ரென்று மிஷின் ஓட்டிக்கொண்டிருப்பாள்.

எல்லாருக்கும் மேலே கண்டக்டர் பாய். பீர்முகமது என்று பெயர், பாபநாசம் லைனில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நூறு பேர் பிதுங்கும் பஸ்ஸில் யார் டிக்கெட் எடுத்தான் யார் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். காவலில் அவருக்குக் கிடைத்த பங்கு ஞாபகம். ஆடியில் வந்த காய்ச்சல் ஐப்பசியில் திரும்பி வந்தபோது, "ஓஹோ, நீயா? ஒன்ன எனக்குத் தெரியும்லா" என்று சொல்லி, பழைய சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் போகலாம், அது பஸ்ஸில் ஏறிய எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதானே. காய்ச்சலுக்கும் தெரிந்திருக்கிறது. முதல் தடவை எங்களை எட்டு நாள் உருட்டியது, இந்தத் தடவை மதியச் சாப்பாட்டுக்குள் ஓடிப்போனது.

தெரு அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் 'காந்திமதியின் காய்ச்சல் காரணமாக' என்று லீவு லெட்டர் கொடுத்தால் டீச்சர்கள் ஏன் என்று கேட்பதில்லை. கவுன்சிலர் வந்து பார்த்து, இதற்கு ஏதும் திட்டம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதாகப் போனவர் போனவர்தான். சுகாதார ஆபீசிலிருந்து வந்து இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், கோயில்பிள்ளை அன்றைக்கு நானூறு தடவை தும்மினான். வீட்டு புரோக்கர் வாடகைக்கு ஆள் கூட்டிவந்தால், "நல்ல வீடு, கிழக்குப் பாத்த வாசல், தண்ணி வரும், காந்திமதி காய்ச்சலும் வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். யாரும் குடிவரவில்லை, ஆனால் இருந்தவர்களில் யாரும் காலிபண்ணிப் போகவும் இல்லை. போகலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை, மில்லைத் தூக்கிக்கொண்டு எங்கே போக?

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து, தன் காயம் ஆறியதும், தளவாய் தங்கச்சியைப் பார்க்க வந்தான். கையில் ஒரு பெட்டி தூத்துக்குடி மக்ரூன். பஸ்ஸைவிட்டு இறங்கி டீக்கடைப் பக்கம் வந்தானோ இல்லையோ, கோயில்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தான், லோடுமேன்கள் மூட்டையைக் கீழே போட்டார்கள், என் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இரண்டு பக்கமும் வீங்கியது. தளவாயை முன்னே பின்னே பார்த்திராத கண்டக்டர் பாய் என்ன ஏது என்று தெரியாமலே விசிலை எடுத்து ஊதிவிட்டார். ஒன்று.

அவன் நின்றுவிட்டான். டிரைவர் இல்லையா, விசிலுக்கு நின்று பழக்கம்.

"அண்ணாச்சி, நான் காந்திமதிக்கு அண்ணன்" என்றான்.

"தெரியுதுப்பா, ஒம் மூஞ்சியிலேயே அவ சாடை இருக்கு. ஆனா ஒடம்பு கேக்கமாட்டேங்குது, நான் என்ன செய்ய?" என்றார் பாய், கையெல்லாம் தடித்துப்போய்ச் சொறிந்துகொண்டே.

சத்தியமாகச் சொல்கிறேன், எங்களில் ஒருவருக்கும் அவன்மேல் ஒரு துளி வெறுப்பு கிடையாது. கிட்னி கொடுத்த மகராசன், தோளில் தூக்கிவைத்து ஊர்வலம் விட்டிருக்க வேண்டியவன். மனசு வா வா என்கிறது, உடம்பு போ போ என்கிறது. காந்திமதி நாற்பது அடி தள்ளி அவள் வாசல்படியில் மாஸ்க்கோடு நின்று அழுதாள். அவன் மக்ரூன் பெட்டியை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு, "அழாதட்டி, சாப்பிடு" என்று கத்திச் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனான். போனில் கேட்டபோது டாக்டரம்மா சிரித்தாராம். "வெளியில இருந்தே இந்தப் பாடுன்னா, உள்ள இருந்தா அந்தக் கிட்னிய என்ன பண்ணியிருக்கும்னு பாத்துக்கோங்க. மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க" என்றாராம்.

இதுவரை சொன்னது எல்லாருக்கும் தெரிந்த கதை. இனிமேல் சொல்லப்போவதில் என் வாய் இருக்கிறது, அதனால்தான் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்கழி கடைசி. பொங்கலுக்கு மாவு திரிக்கிற கூட்டம் மில்லுக்கு வெளியே வாளியும் சட்டியுமாக வரிசையில் இருக்கிறது. அந்த மாதத்தில் அது நாலாவது காய்ச்சல். அசதி என்றால் அப்படி ஒரு அசதி, தூங்கினாலும் போகாத அசதி, எலும்புக்குள் ஈரச் சாக்கைத் திணித்த மாதிரி. படியை எடுத்து அரிசி அள்ளக் கை தூக்க முடியவில்லை. தெருவில் எல்லார் முகமும் அப்படித்தான் இருந்தது. சிரிப்பது நின்று, சண்டைபோடுவதும் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்தால் புருவத்தை மட்டும் தூக்கிவிட்டுப் போகிற நிலைமைக்கு வந்திருந்தோம். மிஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து, நான் வாய்விட்டுச் சொன்னேன்.

"ஒருத்தி நல்லாருக்க ஊரே சாவணுமா? எத்தன நாளைக்கு இவ காய்ச்சல நாங்க படுக்க? சவத்த, அவ காவல அவளே வச்சுக்கிட வேண்டியதுதான!"

அந்த நேரம் பார்த்து மோட்டார் நின்றது, கரண்ட் போய்விட்டது. என் குரல் தெருமுழுக்கக் கேட்டது. மாவு தூசிக்குப் பயந்து மதில் ஓரமாக, எனக்குப் பொங்கலுக்குத் தைத்த ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காந்திமதி நின்றிருந்தாள். ஜாக்கெட்டை மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள். போய்க் கையைப் பிடித்து, ஏதோ அலுப்பில் சொல்லிட்டேன்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை, எனக்கு அசதியாக இருந்தது.

இரண்டு நாளில் எங்கள் காய்ச்சல் விட்டது. விட்டது என்றால் தூக்கி எறிந்தது போல விட்டது. நெறி வற்றியது, லோடுமேன்கள் இரண்டு இரண்டு மூட்டையாகத் தூக்கினார்கள், கோயில்பிள்ளை, "எக்கா, டீத்தூளு வாசனையே இப்பத்தான் தெரியுது" என்றான். பொங்கல் வந்தது, பனையடித் தெருவில் அப்படி ஒரு பொங்கல் நடந்ததில்லை. காலிவீட்டுக்கு ஆள் குடிவந்தார்கள். கண்டக்டர் பாய்க்கு மட்டும் பொழுது போகவில்லை, விசிலைத் துடைப்பதும் பையில் போடுவதுமாக இருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது, காவல் பழகிவிட்டது, ஆண்டவன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று நாங்களே சொல்லி நாங்களே சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

கரிநாள் கழிந்து தளவாய் வந்தான். வாசலில் நின்று எல்லாரும் அவரவர் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டோம். மூக்கு அரிக்கவில்லை, தடிக்கவில்லை, வீங்கவில்லை. பாய் ஒரு நிமிஷம் அவனை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு கண் கலங்க விசிலை வாயில் வைத்து ஊதினார். இரண்டு.

அவன் தெருவுக்குள் நடந்துவந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லாரிக்காரன் நடைதான், ஆனால் கோயில் பிராகாரத்தில் நடப்பவன் மாதிரி இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தான். தங்கச்சி வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஆளாளுக்கு ஒரு குழம்பு கொண்டுபோய் ஊற்றினோம். காந்திமதி சிரித்துக்கொண்டே பரிமாறினாள், ஆனால் அவள் சாப்பிடவில்லை. குனிந்து இலை எடுக்கும்போது அவள் பாதத்தைப் பார்த்தேன், செருப்பு வார் பதிந்த தடம் பள்ளமாக அப்படியே நின்றது.

"காலு என்னட்டி இப்படி?"

"நேத்து ரொம்ப நேரம் மிஷின் மிதிச்சேன்லா, அதான்க்கா" என்றாள்.

மறுநாள் காலையில் என் ஜாக்கெட்டில் கொக்கி ஒன்று அறுந்திருந்தது. தைத்து வாங்கப் போனபோது அவள் பின்கட்டில் இருந்தாள், அவள் பொத்தான் போட்டுவைக்கிற பிஸ்கட் டப்பாவை நானே திறந்தேன். கொக்கிகளுக்கும் பொத்தான்களுக்கும் நடுவில், பட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகள். ஒரு கை நிறைய. டப்பாவோடு நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வந்து பார்த்தாள். முகம் உப்பியிருந்தது, நேற்று பவுடர் போட்டு மறைத்திருக்கிறாள்.

"எத்தன நாளாட்டி?"

"நீங்க சொன்ன அன்னையிலேர்ந்து."

"பாவி, நான் ஏதோ வாய்க்கொழுப்புல..."

"இல்லக்கா, நீங்க சொன்னது நியாயந்தான. எனக்காகப் பாய் அந்த வயசுல கெடந்து நடுங்குதாரு, என்னால பாக்க முடியல. மாத்திரைய நிப்பாட்டுனேன், காவல்காரங்க எல்லாரும் எங்கிட்டத் திரும்பி வந்துட்டாவ. ஒங்களுக்கெல்லாம் காய்ச்சல் போச்சுல்லா? அண்ணனத்தான் அவங்க ஒரு தடவ தெருவுல பாத்துட்டாவளே, அடையாளம் தெரிஞ்சிருக்கும், ஒண்ணும் செய்யமாட்டாவன்னு நெனச்சேன். நேத்து அவன் வந்தப்ப யாருக்கும் ஒண்ணும் செய்யலியே."

நேற்று எங்களுக்கு ஏன் வீங்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் காவல்காரர்கள் அவனோடு பழகிவிடவில்லை. எங்களிடம் இல்லவே இல்லை. பாய் இரண்டு விசில் ஊதி அண்ணனைக் கூடத்தில் உட்காரவைத்து நாங்கள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவள் வயிற்றுக்குள் அவர்கள் அவனைப் பிடித்துவைத்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஒண்ணுக்குப் போறியா ஒழுங்கா?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "முந்தாநாள்லேர்ந்து கொஞ்சமாத்தான் வருதுக்கா."

லோடு வேனில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார், யார் என்று தெரியாமலே. சொந்த அக்கா என்று நினைத்துவிட்டார், நானும் இல்லை என்று சொல்லவில்லை. கிட்னியில் பாதிக்குமேல் தாக்கியாகிவிட்டது, பெரிய மருந்தாக மூன்று நாள் டிரிப்ஸில் ஏற்றிப் பார்ப்போம், காவல் அடங்கினால் உண்டு, அடங்காவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். தளவாய் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு குடுக்கக்கூடாதா?" என்று கேட்டான். குடுத்தால் அவன் எதை வைத்து இருப்பான்? டாக்டரம்மா அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மதுரையில் ஒருவர்தான் உடனிருக்கலாம் என்றார்கள், அண்ணன் இருந்தான். நான் திரும்பிவந்து, பாயிடமும் கோயில்பிள்ளையிடமும் என் வாயால் வந்த வினையைச் சொன்னேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் மனசுக்குள் சொன்னதைத்தான் நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்த நாலு நாளும் பனையடித் தெரு காய்ச்சலுக்குக் காத்துக்கிடந்தது. நல்ல உடம்பை வைத்துக்கொண்டு வெட்கப்பட்டோம். மருந்து ஏறினால் காவல் அவளை விட்டுக் கிளம்பும், ஆனால் மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் வழி தெரிந்து வருமா, வழியில் வேறு எங்கேயாவது இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று லோடுமேன்கள் கவலைப்பட்டார்கள். வழி தெரியாமலா, பஸ் ரூட்தானே என்றார் பாய். ஆனால் அவரும் காலையிலிருந்து வீடுவீடாகப் போய், "எம்மா, லேசா யாருக்கும் சுடுதா? தலவலி ஏதும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெர்மாமீட்டர் தெரு முழுக்கச் சுற்றியது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு, எல்லாருக்கும் பாழாய்ப்போன தொண்ணூற்றெட்டு. நான் வேண்டாத சாமி இல்லை. மில்லைத் திறந்துவைத்தேன், திரிக்கிறவர்கள் வந்தார்கள், என் கை பாட்டுக்கு வேலை செய்தது, அசதியே இல்லை, அந்த அசதி இல்லாததுதான் என்னைக் கொன்றது.

ஐந்தாம் நாள் பத்தரை மணி இருக்கும். டீக்கடையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

தெருவே நின்றது. மோட்டாரை அணைத்துவிட்டு வெளியே ஓடினேன். கோயில்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "எக்கா... அரிக்குதுக்கா!" என்றான். குடோன் பக்கமிருந்து ஒருவன், சுடுது சுடுது என்று பெருமையாகக் கத்திக்கொண்டு வந்தான், லாட்டரி விழுந்தவன்கூட அப்படிக் கத்தமாட்டான். நான் என் கழுத்தைத் தொட்டேன். வலது பக்கம், பட்டாணி அளவுக்கு, ஒரு நெறி. அதைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதேன். அப்புறம் முழங்கால் வலி வந்தது, முதுகு வலி வந்தது, அந்தப் பழைய ஈரச்சாக்கு அசதி ஒவ்வொரு எலும்பாக ஏறி உட்கார்ந்தது. வா தாயே என்றேன். மத்தியானம் தளவாயிடமிருந்து போன் வந்தது, ஒன்றேகால் லிட்டர் போயிருக்கிறாள் என்று சொன்னான், சொன்னதும் வைத்துவிட்டான். மூத்திரம் வந்ததற்குக் காய்ச்சலோடு டீ குடித்துக் கொண்டாடிய தெரு எங்கள் தெருவாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தளவாய் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தான். தெருமுக்கில் கார் திரும்பும்போதே எனக்குக் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தாடை அசைக்க முடியாமல் ஆகிவிட்டது. கண்டக்டர் பாயைப் பார்த்தேன். கை முழுக்கத் தடிப்பு, உதடு உப்பியிருக்கிறது, விசிலைக் கையில் எடுத்துவிட்டார். போன தடவை இரண்டு விசில் ஊதியவர் அவர்தான், அது அவர் மனசில் ஆறாமல் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

ஒன்று.

கார் நின்றது. தளவாய் இறங்கி, மறுபக்கம் சுற்றிவந்து, தங்கச்சியைக் கைபிடித்து இறக்கி, மாஸ்க்கைச் சரியாக இழுத்துவிட்டு, "போ" என்றான். அவள் நாற்பது அடியையும் தனியாக நடந்தாள். என்னைக் கடக்கும்போது நின்றாள். எனக்கு வாய் திறக்க முடியவில்லை, வீக்கம். அவள் கையிலிருந்த மாத்திரை டப்பாவை வாங்கி, நானே என் மடியில் கட்டிக்கொண்டேன். எட்டுக்கும் எட்டுக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது இன்றைக்கும் நான்தான், விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். நெறி கட்டிய நாளில் கொஞ்சம் முணுமுணுப்பேன், அவளுக்குக் கேட்கும்படியாகவே முணுமுணுப்பேன். அவள் இப்போது சிரிக்கிறாள்.

அன்றைக்குத் தளவாய் உடனே கிளம்பவில்லை. டீக்கடை பெஞ்சில், தெருவுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கோயில்பிள்ளை ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் டீயை நீட்டினான். தங்கச்சி வீட்டுப்படியை அவன் இனி மிதிக்க முடியாது. நான் முடிந்த மட்டும் பக்கத்தில் போய், பத்தடி தள்ளி நின்றேன்.

அவன் என் கழுத்தையே பார்த்தான்.

"வீங்குதாக்கா?"

தலையை ஆட்டினேன்.

"ரொம்ப வலிக்கோ?"

அதற்கும் ஆட்டினேன். அவன் முகம் மலர்ந்தது, பல்லெல்லாம் தெரிந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் டீக்குள் விழுந்தது. "நல்லா வீங்கட்டும்க்கா" என்றான். "நான் மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போறேன்."